மூன்றாவது ஊசிக்கு முன்

மடக்கிய விரல் நிமிர மறுக்கும். மறுகையால் இழுத்தால் ‘டக்’கென்று விடுபடும். இதுதான் டிரிகர் ஃபிங்கர். விரலை மடக்கும் தசைநாண், அதை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் நார்வளையங்களுக்குள் ஓடுகிறது. உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்திலுள்ள முதல் வளையம் தடித்து, நாணும் அங்கே வீங்கிவிட்டால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக்காதில் சிக்குவதுபோல் விரல் சிக்கிக்கொள்கிறது. பலர் மாதக்கணக்கில் தைலம் தேய்க்கிறார்கள், பிறகு ஊசிமேல் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அறுவையைத் தள்ளிப்போடுவதே நிதானம் என்ற இந்த எண்ணம், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில், பிசகிப்போகிறது.

தொடக்க நிலையில் அவசரப்பட வேண்டியதில்லை. இறுக்கிப் பிடிக்கும் வேலையைக் குறைத்து, விரலின் அடிமூட்டு மடங்காதபடி சில வாரங்கள் பட்டை அணிந்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. பிரேசிலில் 150 விரல்களை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஓர் ஊசியில் 57 சதவீதமும், இரண்டாவதும் சேர்ந்து 86 சதவீதமும் குணமாயின. வளையத்தை வெட்டிவிட்ட விரல்கள் அத்தனையும் விடுபட்டன. பத்து நிமிட ஊசியறை வேலையில் பாதிப் பேருக்கு மேல் தேறுகிறார்கள் என்றால், அதை முதலில் முயல்வதே நியாயம். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பே அதிகம். ஊசி பலிக்கும் வாய்ப்போ குறைவு. போதாததற்கு, ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும். ஒன்றிரண்டு ஊசிக்குப் பிறகும் விரல் சிக்கினால், மூன்றாவதைவிட அறுவையே அவர்களுக்கு நிதானமான வழி.

‘சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறுமா?’ என்ற அச்சம் நியாயமானது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுதல்தான். அதனால் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மற்றபடி, இது விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீறலில் முடியும் வேலை. அன்றே வீடு திரும்பலாம். வளையத்தை வெட்டினால் பிடி தளர்ந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். விரலின் வலுவுக்கு முக்கியமானவை அதற்கு மேலே உள்ள வளையங்கள், அவற்றைத் தொடுவதில்லை. கீறாமல் ஊசிமுனையாலேயே வெட்டும் முறையும் உண்டு. கட்டைவிரலில் மட்டும் நரம்பு மிக அருகில் ஓடுவதால், திறந்து பார்த்துச் செய்வதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். நரம்புக் காயம் அரிது, ஆனால் இல்லாமலில்லை. தள்ளிப்போடுவதிலும் ஆபத்து இருக்கிறது: நெடுநாள் மடங்கியே கிடந்த விரலின் நடுமூட்டு இறுகிவிட்டால், வளையத்தை வெட்டிய பின்னும் விரல் முழுதாக நிமிராமல் போகலாம்.