விளக்குக் கம்பத்தில் ஒரு மூக்கு!

பக்கத்தில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் உடனே ஜன்னலைச் சாத்துகிறோம். புகை கண்ணில் படுகிறது, மூக்கில் ஏறுகிறது. ஆனால், கண்ணுக்கே தெரியாத புகை உள்ளே வந்தால்?

லண்டனில் ஒரு தாய்க்கு அதுதான் நேர்ந்தது. அவர் மகள் எல்லா கிஸ்ஸி டெப்ரா. எந்நேரமும் வாகனங்கள் ஓடும் சவுத் சர்க்குலர் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. ஓடியாடிக் கொண்டிருந்த குழந்தைக்கு ஏழு வயதை ஒட்டி ஆஸ்துமா வந்தது. மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய 30 முறை ஆஸ்பத்திரி வாசம். 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில், அவள் போய்விட்டாள்.

'வாசல்ல ஓடுற வண்டிப் புகைதான் காரணமா இருக்குமோ?' என்று அந்தத் தாயை அதுவரை யாரும் எச்சரிக்கவில்லை.

பிறகு ஆஸ்துமா நிபுணர் ஸ்டீபன் ஹோல்கேட், ஒரு மைல் தள்ளியிருந்த காற்று அளவி நிலையத்தின் கணக்கையும், சிறுமி ஆஸ்பத்திரிக்கு ஓடிய தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். காற்றில் மாசு ஏறியதற்கும் அவளுக்கு மூச்சு முட்டியதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருந்தது! 2020 டிசம்பரில், அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணையில் தீர்ப்பானது. பிரிட்டனில் அப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல் முறை.

யோசித்துப் பாருங்கள். அந்த அளவி மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

ஆனால், ஒரு மைலுக்கு ஓர் அளவி போதாது. பெரிய ரோட்டின் காற்று வேறு. அடுத்த சந்தின் காற்று வேறு. அதனால்தான் 2019-ல் 'ப்ரீத் லண்டன்' திட்டத்தில், விளக்குக் கம்பங்களிலும் கட்டடங்களிலும் 100-க்கும் மேற்பட்ட சின்னப் பெட்டிகளை மாட்டினார்கள். பெட்டிக்குள் இழுக்கப்படும் காற்றின் மீது ஒளி பாயும். தூசு இருந்தால் ஒளி சிதறும். சிதறலை எண்ணி, உடனுக்குடன் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள, நுரையீரலின் ஆழம் வரை போகும் தூசுகூட இதில் தப்பாது.

அதே 2019-ல் 250 பள்ளிக் குழந்தைகளின் முதுகுப் பையிலும் இப்படிக் கருவியை வைத்து அனுப்பினார்கள். வகுப்பறையைவிட, பள்ளிக்குப் போய்வரும் வழியில்தான் அவர்கள் அதிக மாசைச் சுவாசித்தது தெரிந்தது.

'சரி, அதுல நமக்கு என்ன?' என்கிறீர்களா? இன்று செல்போனிலேயே ஊர்க் காற்றின் அளவு வருகிறது. அதைப் பார்க்கும்போது இவற்றை மனதில் வையுங்கள்:

* அந்த எண் எந்த இடத்து அளவியுடையது என்று பாருங்கள். அது உங்கள் தெருவின் கணக்காக இருக்க வேண்டும் என்பதில்லை.

* பனிமூட்டமான காலையில் சின்னக் கருவிகள் நீர்த்துளியையும் தூசாக எண்ணிவிடும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். பல நாள் போக்கைக் கவனியுங்கள்.

* குழந்தையைப் பெரிய ரோட்டை விட்டு உள்தெரு வழியாக அழைத்துப் போங்கள். ரெண்டு நிமிஷம் கூடினாலும் பரவாயில்லை.

* வீட்டில் ஆஸ்துமா இருந்தால், இழுப்பு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

கம்பத்தில் தொங்கும் பெட்டி காற்றைச் சுத்தம் செய்யாது. ஆனால், ஒரு தாய்க்குக் காலம் கடந்து தெரிந்த விஷயத்தை, இன்னொரு தாய்க்கு நேரத்தோடு சொல்லும்!