தலைக்கு மேலே 34 அடி தண்ணீர்! டம்ளரும் அட்டையும் போதும், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்

விக்கிரமசிங்கபுரம்:

"பாபநாசம் அணையில் இன்னைக்கு எத்தனை அடி?"

மழைக்காலம் வந்துவிட்டால் விக்கிரமசிங்கபுரத்தில் டீக்கடை முதல் பஸ் நிறுத்தம் வரை இதுதான் பேச்சு. முழு உயரம் 143 அடி. தண்ணீர் நிரம்பி நின்றால் எவ்வளவு பலத்தோடு தள்ளும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியது இல்லை. 1880-களில் ஹார்வி மில் இங்கே வந்ததே தாமிரபரணியின் வேகத்தை நம்பித்தான். 1944-ல் மின்சார நிலையமும் வந்தது.

ஆனால் இந்த ஊர்க்காரர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் இன்னொரு அணை நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதுதான் காற்று!

அந்த அணையின் மட்டம் எவ்வளவு தெரியுமா? தண்ணீர்க் கணக்கில் சொன்னால் சுமார் 34 அடி. 34 அடி ஆழத் தண்ணீர் எப்படி அமுக்குமோ, அப்படி நம்மைக் காற்று இரவும் பகலும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

ஒரு மூட்டை அரிசி!

சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் சுமார் 1 கிலோ பாரம். ஒரு சிறுவனின் உள்ளங்கை மேலே ஒரு மூட்டை அரிசியின் பாரம்!

அப்படியானால் கை ஏன் நசுங்கவில்லை? கைக்கு அடியிலும் காற்று இருக்கிறதே! அது அதே பலத்தோடு மேலே தள்ளுகிறது. இரண்டு பக்கமும் சமம். அதனால்தான் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

இதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதிவிடலாம். மார்க்கும் வந்துவிடும். ஆனால் மனசு நம்பாது. நம்ப வைக்க ஒரு டம்ளர் வேண்டும்.

டம்ளர் வித்தை

டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு வரை இருக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மேலே வைத்து, கையால் பிடித்தபடி வாளிக்கு மேலே கவிழ்த்துங்கள். இப்போது கையை எடுங்கள். அட்டை விழாது! தண்ணீரும் கொட்டாது!

டம்ளரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால், நகம் அளவு இடத்தில் அது கீழே அமுக்குவது 10 கிராம்தான். அடியிலிருந்து காற்று மேலே தள்ளுவதோ 1,000 கிராம். யார் ஜெயிப்பார்கள் என்று பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

அடுத்தது பிளாஸ்டிக் பாட்டில். அடிப்பக்கம் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்குங்கள். ஒழுகுவது நின்றுவிடும். மூடியைத் திறந்தால் சர்ரென்று பீய்ச்சும். மேலே காற்று புக வழி இருந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். வீட்டில் கேன் தண்ணீரைக் கவிழ்த்து வைத்ததும் "குபுக் குபுக்" என்று சத்தம் வருகிறதே, அதுவும் இதே கதைதான்.

உறிஞ்சுவது யார்?

இளநீர்க் கடையில் பையனைக் கேட்டுப் பாருங்கள். "நாந்தான் உறிஞ்சுதேன்" என்பான். சரி, இரண்டு ஸ்ட்ராவை வாயில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று இளநீருக்குள், மற்றொன்று வெளியே. எவ்வளவு இழுத்தாலும் இளநீர் ஏறாது! வெளியே இருக்கும் ஸ்ட்ரா வழியாகக் காற்று வாய்க்குள் வந்துகொண்டே இருக்கிறது. வாய்க்குள் அழுத்தம் குறையவில்லை. குறைந்தால்தானே வெளிக்காற்று இளநீரை மேலே தள்ளும்?

ஆக, உறிஞ்சுவது என்று ஒரு பலமே கிடையாது. காற்று தள்ளுகிறது, அவ்வளவுதான்.

கிணற்று பம்பும் இப்படித்தான். மேலே இருந்து இழுக்கும் பம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 34 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை ஏற்ற முடியாது. காற்றின் சக்தி அவ்வளவுதான். நடைமுறையில் 25 அடியே சிரமம். ஆழமான போர் குழாயில் மோட்டாரையே உள்ளே இறக்குவது இதனால்தான். 1643-ல் இத்தாலியில் டாரிசெல்லி தண்ணீருக்குப் பதில் பாதரசத்தை வைத்துப் பார்த்தார். அது 76 சென்டிமீட்டரில் நின்றது. காற்றை அளக்கும் கருவி பிறந்தது!

மெழுகுவர்த்தி சொல்லும் உண்மை

பல வகுப்புகளில் தப்பாகச் சொல்லிக்கொடுக்கப்படும் சோதனை ஒன்று உண்டு. தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துட்டுது" என்பார்கள்.

அது சரியல்ல. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் வந்துவிடுகிறது. உண்மையில், சூட்டில் காற்று விரிந்து, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதற்கு என்ன சாட்சி? அதே டம்ளர், ஆனால் மூன்று மெழுகுவர்த்திகள். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் தண்ணீர் அதே அளவுதான் ஏற வேண்டும். ஏனென்றால் டம்ளர் ஒன்றே. உள்ளே உள்ள ஆக்சிஜனும் ஒன்றே. ஆனால் மூன்று வர்த்திக்கு அதிகமாக ஏறுகிறது! சூடு அதிகம், சுருக்கமும் அதிகம்.

பெரியவர் சொன்னதையும் சோதித்துப் பார்க்கலாம் என்ற தைரியம் அந்த நிமிடத்தில் பிள்ளைக்கு வருகிறது. இந்தச் சோதனையின் பெரிய லாபமே அதுதான். (தீயும் ஊசியும் உள்ள இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.)

வண்டியில் வந்த ஆய்வுக்கூடம்

தமிழக அரசு 2022 நவம்பர் 28-ந் தேதி திருச்சியில் "வானவில் மன்றம்" திட்டத்தைத் தொடங்கியது. 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, சோதனைச் சாமான்களோடு இரு சக்கர வண்டியில் ஆட்கள் போய்ச் செய்து காட்டுவது திட்டம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் இப்படிக் கையால் செய்து படிக்கும் முறை ஆரம்பமானது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா 1978-ல் அங்கே போனார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்தே பாடம் நடத்தலாம் என்று காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

சாமான் விலை பெரிய விஷயம் இல்லை. விடையை முதலிலேயே சொல்லிவிடாத வாத்தியார்தான் வேண்டும். "என்ன நடக்கும்னு நினைக்கே?" என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் செய்யுங்கள். தப்பாகச் சொன்ன பிள்ளைதான் "ஏன்?" என்று ராத்திரியெல்லாம் கேட்கும்.

வெள்ளமும் காற்றும்

இது விளையாட்டுப் பாடம் மட்டும் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ரேடியோவைத் திருகினால் "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்கிறார்கள். தாழ்வு என்றால் பள்ளம். பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி, அழுத்தம் குறைந்த இடத்துக்கு நாலா பக்கமும் இருந்து காற்று பாய்கிறது. ஈரத்தோடு மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மழையாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படிக் கரை புரண்டது என்று பார்த்தவர்கள் நாம். ரேடியோ சொல்லும் எச்சரிக்கையின் அர்த்தம் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கே நல்லது.

இந்தப் பேப்பர் போதும்!

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் கையில் இருக்கும் இந்தப் பேப்பரே போதும். உடைந்தாலும் பரவாயில்லை என்கிற மெல்லிய மரப்பட்டை ஒன்றை, பாதி வெளியே நீட்டி நிற்கும்படி மேஜையில் வையுங்கள். உள்ளே இருக்கும் பாதியின் மேல் பேப்பரை முழுசாக விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவி ஒட்ட வையுங்கள். வெளியே நீட்டிய முனையை மெதுவாக அமுக்கினால் பேப்பர் சும்மா எழும்பிவிடும். பட்டென்று அடித்தால்? எழும்பாது! பட்டையே முறிந்தாலும் முறியும்!

அவ்வளவு சீக்கிரத்தில் அடியில் காற்று புக முடியவில்லை. மேலே உள்ள காற்று விடவில்லை. 70 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம் உள்ள பேப்பர் மேல் எத்தனை கிலோ என்று உங்கள் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மூன்றரை டன்!