கவசம் செய்து கற்ற இடைக்காலம்

ஒன்பதாம் வகுப்பில் இடைக்கால ஐரோப்பா பற்றிய பாடத்தை நான் பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். நிலமானிய முறையைக் கரும்பலகையில் படிக்கட்டாக வரைவேன். ‘நைட்’ எனப்படும் குதிரைவீரரைப் பற்றிச் சொல்லும்போது, வகுப்பு சிரிக்கட்டும் என்று ஒரு தகவலையும் சேர்த்துக்கொள்வேன்: “அவங்க போட்டிருந்த இரும்புக் கவசம் எவ்வளவு கனம் தெரியுமா? பளுதூக்கி வச்சுத்தான் குதிரை மேல ஏத்துவாங்க.”

ஓராண்டு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். “சார், சண்டையில குதிரையை விட்டு விழுந்துட்டா, அங்க யாரு சார் பளுதூக்கி கொண்டாருவா?”

வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. அதிகம் பேசாத, தேர்வுத் தாளில் பாதிப் பக்கத்தைத் தாண்டாத மாணவன் அவன். என்னுடைய வேடிக்கைத் தகவலை ஒரே கேள்வியில் உடைத்துவிட்டான். “நாளைக்குச் சொல்றேன்” என்று உட்கார வைத்தேன். அந்த ‘நாளை’ ஒரு பருவம் முழுவதும் நீண்டது. அந்தப் பருவத்தில் நாங்கள் கற்றவற்றைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

உண்மை என்ன?

தேடிப் படித்தபோது, நான் சொல்லி வந்தது தவறு என்று தெரிந்தது. 15ஆம் நூற்றாண்டுப் போர்க்களக் கவசம் ஒன்றின் மொத்த எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. அந்த எடை ஒரே இடத்தில் தொங்காமல் தலை, தோள், மார்பு, இடுப்பு, கால் என்று உடல் முழுவதும் பிரிந்து அமரும். பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ கவசம் அணிந்தபடியே குட்டிக்கரணம் அடித்தும் ஏணியில் ஏறியும் பயிற்சி செய்ததை, அவர் வாழ்நாளிலேயே எழுதப்பட்ட வரலாறு கூறுகிறது. பளுதூக்கிக் கதையை உலகெங்கும் பரப்பியதில் 1944இல் வெளிவந்த ‘ஐந்தாம் ஹென்றி’ திரைப்படக் காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. ஈட்டிப் பந்தய விளையாட்டுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட கவசங்கள் மிகவும் கனமானவை. அவற்றையும் போர்க்களக் கவசத்தையும் ஒன்றாக எண்ணியதும் குழப்பத்துக்குக் காரணம்.

அதற்காகக் கவசம் இலேசானது என்று சொல்லிவிடவும் முடியாது. 2011இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூலக் கவசங்களைப் போலவே செய்த மறுஆக்கக் கவசங்களை அணிவித்து, பயிற்சி பெற்றவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்தார்கள். கவசம் இல்லாமல் நடப்பதைவிட 2.1 முதல் 2.3 மடங்கு ஆற்றல் செலவானது, ஓடும்போது 1.9 மடங்கு. கால்களில் ஏறிய எடையை ஒவ்வோர் அடிக்கும் வீசி நகர்த்த வேண்டியிருந்தது இதற்கு முக்கியக் காரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அருங்காட்சியகத்தில் உள்ள அறுநூறு ஆண்டுப் பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு யாரும் ஓட முடியாது. அதே அளவில், அதே முறையில் புதிதாகச் செய்த கவசத்தில்தான் சோதிக்க முடியும். மறுஆக்கம் என்பது அலங்காரப் பொருள் செய்வது மட்டுமன்று, வரலாற்றைச் சோதித்துப் பார்க்கும் வழியும்கூட. அப்படியானால் நாங்களும் ஒரு துண்டு செய்து பார்த்தால் என்ன?

வளையக் கவசம்

தகட்டுக் கவசத்துக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தது வளையக் கவசம். கெல்ட் மக்களிடையே கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அது இருந்ததற்கு ருமேனியாவில் கிடைத்த கல்லறைப் பொருள்கள் சான்று. பிறகு ரோமானியப் படையும் ஏற்றுக்கொண்டது. பின்னல் முறை எளிது: ஒவ்வொரு வளையமும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு வளையங்களைக் கோத்துக்கொள்ளும்.

நாங்கள் செய்த முறை இது. 8 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்றின் மேல் 1.6 மி.மீ. கம்பியை நெருக்கமாகச் சுற்றினோம். சுருள்வில் போல வந்ததை உருவி எடுத்து, நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். வெட்டும்போது துண்டுகள் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் யாரையும் அருகில் விடவில்லை. இரண்டு கட்டிங் பிளேயர்களால் வளையத்தின் முனைகளைப் பக்கவாட்டில் திருகித் திறக்க வேண்டும். அகலமாக விரித்தால் வட்டம் கெட்டு, மறுபடி சேராது. நான்கு மூடிய வளையங்களை ஒரு திறந்த வளையத்தில் கோத்து மூடினால் ஓர் அலகு. அலகுகளைச் சேர்த்தால் வரிசை. முப்பது பேர், நான்கு வெள்ளிக்கிழமை மாலைகள், ஐந்நூறு வளையங்கள். கிடைத்தது ஒரு பாடநூலின் அட்டையை மூடும் அளவுள்ள துண்டு. எடை 240 கிராம்.

கணித ஆசிரியர் இங்கே கைகொடுத்தார். வளையத்தின் சராசரி விட்டம் 9.6 மி.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 30 மி.மீ. ஒரு சட்டைக்கு 25,000 வளையங்கள் என்று கொண்டால் எத்தனை மீட்டர் கம்பி? 750 மீட்டர் என்று வந்ததும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எடை 12 கிலோ. “சார், ஒரு சட்டைக்கு நம்ம வகுப்புக்கு எத்தனை வெள்ளிக்கிழமை ஆகும்?” என்று ஒரு மாணவி தானாகவே கணக்குப் போட்டாள். இருநூறு! சாதாரண உழவரால் ஏன் கவசம் வாங்க முடியவில்லை, குதிரைவீரருக்கு ஏன் நிலம் மானியமாகத் தேவைப்பட்டது என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உலையருகே நடக்க இருந்த தவறு

எங்கள் துண்டில் ஒரு குறை இருந்தது. இரு கைகளாலும் பலமாக இழுத்தால் சில வளையங்கள் வாய் பிளந்தன. இடைக்கால ஐரோப்பிய வளையங்கள் அப்படி முனையோடு முனை வெறுமனே சேர்த்தவை அல்ல. முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, நுண்ணிய ஆணி இறுக்கியவை. அப்படிச் செய்யக் கம்பியைக் காய்ச்சி இளக்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அதுவரை பயன்படுத்தியது வேலி கட்டும் ஜி.ஐ. கம்பி. பள்ளிக்கு வெளியே அடுப்பு மூட்டி அதைக் காய்ச்சலாம் என்று நான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அப்போது கடைசி வரிசை மாணவன் அருகில் வந்து தயக்கத்தோடு சொன்னான்: “சார், வெள்ளைக் கம்பியை நெருப்புல போடக் கூடாது சார். புகை ஆகாது. எங்கப்பா அடிப்பாரு.”

அவன் அப்பா கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவன் சொன்னது முற்றிலும் சரி. ஜி.ஐ. கம்பியின் மேல்பூச்சு துத்தநாகம். கடுமையாகச் சூடேறினால் அது வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். முப்பது பிள்ளைகளை அடுப்பைச் சுற்றி நிற்க வைத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. பூச்சு இல்லாத கறுப்புக் கம்பியைத்தான் காய்ச்ச வேண்டும். அதையும் பழக்கப்பட்டவர் கையால், பட்டறையில்தான் செய்ய வேண்டும்.

தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோரின் ஒப்புதலோடும் அந்தப் பட்டறைக்கே ஒரு சனிக்கிழமை போனோம். அவன் அப்பா கறுப்புக் கம்பி வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு, அடைகல்லின்மேல் வைத்துத் தட்டி, துளையிட்டு ஐந்து வளையங்களுக்கு ஆணி இறுக்கிக் காட்டினார். அந்த வளையத்தில் நாங்கள் கட்டித் தொங்கவிட்ட செங்கற்கள் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் எங்கள் வெறும் வளையம் இரண்டாவது செங்கல்லிலேயே வாய் திறந்தது. “இது சும்மா கொக்கி சார். அதுதான் வளையம்” என்றார் அவர். எந்த நூலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

பிறகு கறுப்புக் கம்பியிலேயே புதுத் துண்டு ஒன்று பின்னி, அந்த ஐந்து வளையங்களையும் நடுவில் கோத்தோம்.

தகட்டுக் கவசம் அசைவது எப்படி?

தகட்டுக் கவசத்தை மறுஆக்கம் செய்பவர்கள் இன்று பெரும்பாலும் 1.2 முதல் 1.6 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டை எடுக்கிறார்கள். முதலில் அட்டையில் வெட்டி, அணிபவர் உடலில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு தகட்டை வெட்டி, மரக்கட்டையில் குடைந்த பள்ளத்தில் வைத்துச் சுத்தியால் குழிக்கிறார்கள். கடைசியில் உருண்டை முகக் கொண்டையின்மேல் வைத்துச் சிறு தட்டல்களால் மேடுபள்ளத்தைச் சமன் செய்கிறார்கள். பழைய கவசங்களில் தகடு எங்கும் ஒரே கனமாக இருக்காது. அடி விழும் மார்பிலும் தலைக்கவசத்தின் முன்புறத்திலும் தடிமன்; மற்ற இடங்களில் மெலிவு. எடையைக் குறைத்த இரகசியம் இதுதான்.

முழங்கை, முழங்கால் போன்ற இடங்களில் சிறு தகடுகள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஆணியிலும் உட்புறத் தோல்வாரிலும் தொங்கி அசையும். இதைச் செய்துபார்க்க இரும்பு தேவையில்லை. பழைய அட்டையில் ஐந்து பிறைத்துண்டுகள் வெட்டி, இரு ஓரங்களிலும் துளையிட்டு, நூல் கோத்து இருபுறமும் முடிச்சிட்டால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அரை மணி நேரத்தில் செய்துவிட்டார்கள்.

கால்களில் எடை ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்தோம். அரை கிலோ மணல்பை இரண்டை முதலில் புத்தகப் பையில் வைத்து இரண்டு நிமிடம் வேகமாக நடந்து, நாடித்துடிப்பை எண்ண வேண்டும். ஓய்வுக்குப் பிறகு அதே பைகளைக் கணுக்காலுக்கு ஒன்றாகக் கட்டி அதே தூரம் நடந்து எண்ண வேண்டும். உடல்நலக் குறைவுள்ள மாணவர்களை எண்ணும் பணியில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

துருவும் ஒரு பாடம்

கண்காட்சி முடிந்ததும் துண்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கோடை விடுமுறை கழிந்து ஜூனில் திறந்தால் செம்பழுப்பாகக் கிடந்தது. அதிகம் கைபட்ட ஓரங்களில்தான் துரு கூடுதல். வியர்வையின் உப்பு செய்த வேலை. அறிவியல் ஆசிரியருக்கு அன்றைய பாடம் கையிலேயே கிடைத்தது.

இடைக்காலத்திலும் இதே தொல்லைதான். வளையக் கவசத்தை மணலோடு ஒரு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். இங்கிலாந்தின் டோவர் கோட்டையின் 14ஆம் நூற்றாண்டு இருப்புப் பட்டியலில், கவசம் உருட்டுவதற்கென்றே ஒரு பீப்பாய் குறிக்கப்பட்டுள்ளது. நாங்கள் பழைய எண்ணெய் டின்னில் உலர்ந்த ஆற்றுமணலோடு துண்டைப் போட்டு மூடி, இடைவேளைதோறும் மைதானத்தில் உருட்டினோம். மூன்றாம் நாள் பளபளத்தது. மணலை உதறி, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவினோம். இப்போது தொட்டவர் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை எண்ணெய், மழைக்காலத்தில் இருமுறை. அந்தப் பொறுப்பு கடைசி வரிசை மாணவனுடையது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படித் தேய்ப்பது நாம் செய்த பொருளுக்கு மட்டுமே பொருந்தும். உண்மையான பழம்பொருளின் மேற்பரப்பில் சுத்தியின் தடமும், செய்தவரின் முத்திரையும், பட்ட அடியின் வடுவும் இருக்கும். தேய்த்தால் சான்று போய்விடும். நம் பிள்ளைகள் வயலில் கிடைத்த பழைய காசைப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருவார்கள். பாராட்டி வாங்கி வைத்தவன் நான். இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: “கிடைத்தபடியே கொண்டுவாங்க.”

பளுதூக்கிக் கேள்விக்கான பதிலை அந்த மாணவனே வகுப்பின் முன் நின்று சொன்னான். “விழுந்தா அவனே எழுந்திருப்பான். ஆனா சீக்கிரம் மூச்சு வாங்கும்.” அந்த ஆண்டுத் தேர்வில் அதே பாடத்துக்கு அவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. விடை சரியாக இருந்தது.