299 ரூபாய்க்கு ஒரு கார்பெட்

சோபாவுக்கு முன்னால் போடுகிற கார்பெட்டில் அதிகம் விற்கும் அளவுகளில் ஒன்று 160-க்கு 230 சென்டிமீட்டர். கடைக்காரர் அதை ‘அஞ்சுக்கு எட்டு’ என்பார். டேப் வைத்து அளந்தால் 5.25 அடிக்கு 7.55 அடி, பரப்பு 39.6 சதுர அடி. சுத்தம் செய்ய வருபவர் இரண்டு பக்கத்தையும் முழு அடிக்கு உயர்த்தி ‘ஆறுக்கு எட்டு’ என்று எழுதிக்கொண்டால் 48 சதுர அடி. கார்பெட் வளரவில்லை, கணக்கு மட்டும் 21 சதவீதம் வளர்ந்துவிட்டது. சதுர அடிக்கு 25 ரூபாய் பேசியிருந்தால் 990 ரூபாய் வேலை 1,200 ஆகிவிடும். ஆள் வருவதற்கு முன்பே நாமே அளந்து, ‘39.6’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

அடுத்தது, அடுக்ககத்து லிஃப்டில் ஒட்டியிருக்கும் ‘ஒரு கார்பெட் ரூ. 299 மட்டும்’ நோட்டீஸ். இந்த விலை கட்டுப்படியாகுமா? கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இரண்டு ஆள், தலைக்கு 800 ரூபாய் கூலி, நாளைக்கு நான்கு வீடு: வீட்டுக்கு 400. பெட்ரோல் 60, ஷாம்பு 40. 50,000 ரூபாய் மெஷின் 1,000 வீடு உழைக்கும் என்றால் வீட்டுக்கு 50. ஆக 550 ரூபாய். முதலாளிக்கு இதில் இன்னும் ஒரு பைசா லாபம் வரவில்லை. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு மாற்றிக் கணக்கிட்டாலும் 299-க்குள் அடக்குவது கஷ்டம். அப்படியானால் மிச்சப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆள் வீட்டுக்குள் வந்து, கார்பெட்டில் தண்ணீர் தெளித்த பிறகு அது வரும்:

அறிவித்த விலை – 299
வந்து போகும் செலவு – 150
கறை மூன்று, ஒன்றுக்கு 100 – 300
வாசனை மருந்து – 200
கறை ஒட்டாத பூச்சு, 48 சதுர அடிக்கு 12 வீதம் – 576
கூட்டுத்தொகை – 1,525
ஜிஎஸ்டி 18% – 274.50
மொத்தம் – ரூ. 1,799.50

இது நானே போட்டுப் பார்த்த மாதிரி பில்தான். ஆனால் இந்த வரிசை பலருக்கும் பழகியதாகத்தான் இருக்கும். 39.6 சதுர அடிக்கு வகுத்தால் அடிக்கு 45 ரூபாய் 44 காசு. ‘அடிக்கு 25, கறை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து’ என்று முதலிலேயே சொன்னவர் 990-ல் முடித்திருப்பார். 25 ரூபாய்க்காரர்தான் விலை அதிகம் என்று போனை வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பில்லில் நான் முதலில் பார்ப்பது ஜிஎஸ்டி வரியை. சுத்தம் செய்யும் சேவைக்கு 18 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாத சேவைக்காரர் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வாங்கவும் கூடாது. காம்போசிஷன் என்னும் எளிய வரித் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது. வரி கேட்டால் 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் கடையின் பெயர் வந்துவிடும். நம் மாதிரி பில்லில் அந்த 274.50 ரூபாய் சர்க்காருக்குப் போகிறதா, சட்டைப் பைக்குப் போகிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். கார்ச்சர் புட்ஸி 10/1 என்ற மெஷினை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீர்த் தொட்டி 10 லிட்டர், அழுக்குத் தண்ணீர்த் தொட்டி 9 லிட்டர், உறிஞ்சும் மோட்டார் 1,250 வாட், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தெளிக்கும். ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றேகால் யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 13 ரூபாய்க்குள்தான். ‘கரன்ட் உங்க வீட்டுது’ என்று சொல்வதைப் பெரிய சலுகையாகவோ சுமையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கவனிக்க வேண்டிய கணக்கு தண்ணீரில் இருக்கிறது. உள்ளே 8 லிட்டர் போய், அழுக்குத் தொட்டியில் 4 லிட்டர்தான் திரும்பியது என்றால் மீதி 4 லிட்டர் கார்பெட்டில் நிற்கிறது. சதுர மீட்டருக்கு ஒரு லிட்டருக்கும் மேல். நவம்பர் மாதச் சென்னையில் அது எப்போது காயும்? ஈரம் 24 முதல் 48 மணி நேரம் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நல்ல வேலைக்காரர் கடைசியில் தெளிப்பான் விசையை விட்டுவிட்டு, வெறும் உறிஞ்சலாக அதே பாதையில் இரண்டு மூன்று முறை இழுப்பார். முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதிக்குள் ஓடும் தண்ணீர் முதலில் கட்டன் காபி நிறத்தில் இருக்கும், பிறகு தெளியும், பிறகு ஓடாது. அதுவரை இழுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அழுக்குத் தொட்டியைக் கழிவறையில் கவிழ்க்கும்போதும் எட்டிப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலையின் வரிசையையும் கவனியுங்கள். முதல் வேலை வேக்குவம். காய்ந்த மண்ணை எடுக்காமல் நேரே ஷாம்பு தெளித்தால் அது சேறாகி அடியில் இறங்கும். பிறகு ஷாம்பு, பிறகு வெறும் தண்ணீரில் அலசல். அலசாமல் விட்ட ஷாம்பு பிசுபிசுப்பு அடுத்த வாரமே புது அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் 40 சதுர அடியில் செய்ய முக்கால் மணி நேரமாவது ஆகும். 15 நிமிடத்தில் ‘முடிஞ்சுது மேடம்’ என்றால் எதையோ தாண்டிவிட்டார்கள்.

கார்பெட் எந்த நூல் என்று அவராகவே கேட்கிறாரா என்பதை வைத்தே பாதி எடை போட்டுவிடலாம். கம்பளிக்கு ஷாம்புவின் pH (அமில-கார அளவு) 5 முதல் 8-க்குள் இருக்க வேண்டும். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். பேம்பூ சில்க் என்று பளபளப்பாக விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். ஈரம் பட்டால் அந்த நூல் ஏறக்குறைய பாதி வலிமையை இழக்கும். உத்தரப் பிரதேசத்துப் பதோஹியில் கையால் முடிச்சுப் போட்ட கம்பளத்துக்கும் மெஷினில் நெய்த பாலிப்ரொப்பிலீன் விரிப்புக்கும் ஒரே பாட்டில் ஷாம்பு எடுப்பவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

சில விரிப்புகளுக்கு ஆளே கூப்பிட வேண்டாம். 1,800 ரூபாய்க்கு வாங்கிய பாலிப்ரொப்பிலீனுக்கு 990 கொடுப்பது விலையில் 55 சதவீதம். அந்த நூல் தண்ணீரைக் குடிக்காது. வெயில் நாளில் மொட்டை மாடியில் பிரஷ் போட்டுத் தேய்த்து, கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டால் போதும். 30,000 ரூபாய்க் கம்பளம் என்றால் அதே 990 என்பது 3.3 சதவீதம், அங்கே பேரம் பேசி 100 ரூபாய் குறைப்பதைவிட, சாயம் ஓடுகிறதா என்று ஒரு மூலையில் வெள்ளைத் துணியை நனைத்து ஒற்றிப் பார்க்கச் சொல்வது லாபம்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தூண்டில் விளம்பரங்களுக்கு 2022 முதல் தனி வழிகாட்டு நெறிகளும் உண்டு. கம்பளம் பாழாகிப் பேச்சு பலிக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வேலைக்கு முன் எடுத்த நான்கு போட்டோ, சதுர அடி எழுதிய வாட்ஸ்அப், பில் – இந்த மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.