கடலோர மின்முச்சக்கர வண்டியும் அதன் பின்தாங்கமைப்பும்

வண்டியை ஓட்டுவது மோட்டரேயெனினும், அதில் ஏறியோரை வழியின் மேடுபள்ளங்களினின்று காப்பது தாங்கமைப்பாகும். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் அரிதாகி மக்கள் நிரையில் நின்றபோது, மின்னால் இயங்கும் முச்சக்கர வண்டிகள்மீது பலரின் கருத்துச் சென்றது. இவற்றிற்குப் பெற்றோலும் எஞ்சின் எண்ணெயும் வேண்டா. ஆதலின் பராமரிப்பே வேண்டாவெனக் கொள்வாருமுளர். மன்னார் போன்ற கடலோரத்திற்கு அக்கொள்கை பொருந்தாது.

முச்சக்கர வண்டியின் பின்சில்லு ஒவ்வொன்றும், சட்டகத்தோடு கீல்போல் அசையும் ஓர் இரும்புக்கையிற் பெரும்பாலும் பொருந்தியிருக்கும். அக்கைக்கும் வண்டியுடலுக்குமிடையே சுருள்வில்லும் அதிர்வடக்கியும் உள. இவற்றின் தொழில் வெவ்வேறாம். வில் சுமைக்கேற்பச் சுருங்கும். இவ்விதியை 1678இல் விளக்கி வெளியிட்டவர் ரொபேட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர். ஆயின், வில் தான் ஏற்ற ஆற்றலைத் திருப்பிக்கொடுத்து வண்டியைத் துள்ளச்செய்யும். எண்ணெயைச் சிறுதுளைகளூடாகச் செலுத்தி, அவ்வாற்றலை வெப்பமாக்கித் தணிப்பது அதிர்வடக்கி.

மன்னார்த் தீவில் இவ்வுறுப்புகளுக்குப் பகை இரண்டு. ஒன்று மணல், அது கீலுட் புகுந்து உலோகத்தை அராவும். மற்றையது உப்பு. 2010இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து தீவினுட் செல்லும் வண்டியைக் கடற்காற்று எப்புறமும் சூழும். உப்புப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து மின்னைக் கடத்தும் திரவமாகின்றது. அத்திரவத்தில் இரும்பு இலத்திரனை இழந்து கறளாகின்றது. மின்கலத்துள் நிகழ்வதும் இலத்திரன் கைமாறும் தாக்கமே. ஆகவே, வண்டியை இயக்கும் மின்னிரசாயனமே அதன் வில்லையும் தின்கின்றதெனலாம்.

பராமரிக்கும் முறை வருமாறு. வண்டியை மணலில் அன்றி உறுதியான தரையில் நிறுத்தி, முன்சில்லுக்கு அடைகொடுத்து, மின்கலத் தொடுப்பைத் துண்டித்தல் வேண்டும். சட்டகத்தின்கீழ் ஜக் வைத்து உயர்த்தியபின் உறுதியான தாங்குகட்டைகளையும் இடுக; ஜக்கை மட்டும் நம்பிக் கீழே புகுதல் உயிருக்கு இறுதியாகும். பின்பு மோட்டரின் தொடுப்புகளில் நீர் படாது நன்னீராற் கழுவுக. உவர்க்கிணற்று நீராற் கழுவுதல் உப்பை மீளப் பூசுவதேயாம்.

சில்லை இருகையாலும் பிடித்து அசைத்துப் பார்க்க ஆட்டம் தோன்றுமாயின், கீலின் உறையோ சில்லின் போல்தாங்கியோ தேய்ந்துளது. அதிர்வடக்கியில் எண்ணெய்க் கசிவு காணப்படினும், வண்டியின் பின்புறத்தை அழுத்திவிட அது பலமுறை துள்ளினும், இருபுறத்து அடக்கிகளையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. வில்லில் வெடிப்பையும், அது பொருந்துமிடத்திற் கறளையும் நோக்குக. உலோகக் கீலுக்குப் பழைய கிறீஸ் வெளிவருமளவும் புதியதைச் செலுத்துக. இறப்பர் உறைக்குக் கனிய எண்ணெய்க் கிறீஸ் ஆகாது, அது இறப்பரை ஊதச்செய்து கெடுக்கும். இறப்பர் உறையின் போல்ட்டை, வண்டி தன் சில்லில் நின்றபின்னரே முற்ற இறுக்குதல் வேண்டும். உயர்த்திய நிலையில் இறுக்கினால் உறை முறுகிக் கிழியும். ஈற்றில், கை மேலுங் கீழும் அசையும்போது மின்கம்பி இழுபடாதிருத்தலையும் அறிதல் வேண்டும்.

மின்வண்டியில் எஞ்சின் ஓசையின்மை ஒரு நன்மையாம். பின்புறத்தில் எழும் கிறீச்சொலி ஓட்டுநர் செவிக்குத் தெளிவாய் எட்டும். அதனைப் பொருட்படுத்தாதுவிடின், கறள் தின்ற பொருத்து ஒருநாள் முறிய, மூன்று சில்லில் நிற்கும் வண்டி கவிழவுங்கூடும். பேசாலையிலிருந்து நோயாளியையும் தலைமன்னாரிலிருந்து மாணவரையும் ஏற்றிவருவோனுக்கு அவ்வண்டியே முதல். நன்னீரும் கிறீசும் சிறு செலவு. அவற்றாற் காக்கப்படுவன ஒரு குடும்பத்தின் ஊணும் பயணிகளின் உயிருமாம்.