மஞ்சப்பைக்குள் ஒரு 436

மரடிப்போவில் தடி ஏற்றுகிறவர் அவர். வயது நாற்பத்து நான்கு. நெஞ்சுவலி என்று ராத்திரி பதினொரு மணிக்கு முதல் போன் எனக்குத்தான் வந்தது. அவருடைய ஹெல்த் பாலிசியை எழுதியவள் நான். புளியரை, ஆரியங்காவு என்று மலை ஏறித் திருவனந்தபுரம் போவதா, கிழக்கே திருநெல்வேலிக்குப் போவதா என்கிற குழப்பம் செங்கோட்டைக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. கேஷ்லெஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரி திருநெல்வேலியில் இருந்தது. அங்கேயே கொண்டுபோகச் சொன்னேன். நான்கு நாள் ஐசியூ. பில் இரண்டு லட்சத்தைத் தொட்டது. கம்பெனி ஒரு சிக்கலும் இல்லாமல் கட்டியது. ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார்.

துட்டி கேட்கப் போனபோது பீடிச் சுளவு சுவரோரமாகச் சாத்தியிருந்தது. அவர் மனைவி ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தாள். ரேஷன் கார்டு, ஆதார், நகை அடகுச் சீட்டு இரண்டு, பாங்கு பாஸ்புக், நான் கொடுத்த ஹெல்த் கார்டு.

"இதுல எதுலயாவது எங்களுக்கு ஏதும் வருமாக்கா?"

நான் எழுதிய கார்டைத்தான் முதலில் கையில் எடுத்து நீட்டினாள். அதில் ஒன்றும் வராது. ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது. அதற்கு முந்தின மே மாதத்திலும் 436.

பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்குப் பிடிக்கிற பணம் அது. 2015-ல் 330 ரூபாயாகத் தொடங்கி, 2022 ஜூன் முதல் 436 ஆனது. பதினெட்டு வயது முதல் ஐம்பது வயதுக்குள் பாங்குக் கணக்கு வைத்திருக்கிற யாரும் சேரலாம். தொடர்ந்து கட்டினால் ஐம்பத்தைந்து வயது வரை காப்பு உண்டு. சேர்ந்த முதல் முப்பது நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம். அதற்குப் பிறகு எப்படி இறந்தாலும் நாமினிக்கு இரண்டு லட்சம் ரூபாய். கணக்கு தொடங்கிய அன்று கவுண்டரில் ஒரு தாளை நீட்டியிருப்பார்கள், அவரும் கையெழுத்துப் போட்டிருப்பார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறப்புச் சான்றிதழோடு பாங்குக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பணம் வந்தது. நகை மீண்டது.

ஒன்பது வருஷம் ஹெல்த் பாலிசி விற்ற நான் ஆயுள் காப்பீட்டுக்கு மாறியது அந்த மஞ்சப்பையால்தான்.

மாறுவதற்கு ஹெல்த் கம்பெனியை விட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. ஒரு ஏஜென்ட் ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்கும், ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக்கும், மருத்துவக் காப்பீடு மட்டும் செய்கிற ஒரு கம்பெனிக்கும் ஒரே சமயத்தில் வேலை செய்ய விதியில் இடம் இருக்கிறது. ஒரே வகையில் இரண்டு கம்பெனிக்கு மட்டும் கூடாது. பயிற்சி முடித்து, ஐசி-38 என்கிற பரீட்சையை ஆயுள் காப்பீட்டுக்கென்று எழுதித் தேற வேண்டும். என் பழைய ஹெல்த் பாலிசிகளை இன்றைக்கும் நான்தான் புதுப்பிக்கிறேன்; புதிதாக எழுதுவது மட்டும் ஆயுள்.

பரீட்சைக்குப் படித்தபோதுதான் இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று புரிந்தது. ஹெல்த்தில் செலவழித்த காசுதான் வரும். இரண்டு பாலிசி வைத்திருந்தாலும் ஒரே பில்லுக்கு இரண்டு தடவை வாங்க முடியாது. ஆயுள் பாலிசியில் எழுதிய தொகை அப்படியே வரும், மூன்று இருந்தால் மூன்றும் வரும். ஹெல்த் வருஷா வருஷம் புதுப்பிப்பது, வயது கூடக் கூட பிரீமியமும் கூடும். ஆயுளில் முப்பது வயதில் ஒரு பிரீமியத்துக்கு ஒப்பந்தம் போட்டால் கடைசித் தவணை வரை அதுதான்.

விற்கிற விதமும் வேறு. ஹெல்த்துக்கு நான் வாயே திறக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தால் அடுத்த வாரம் அந்தத் தெருவில் நான்கு பேர் கூப்பிடுவார்கள். வருமானம் குறைந்த வீடுகளில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும், ஐந்து லட்சம் வரை அது பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கிற நடுத்தரக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் எனக்கு. ஆயுள் காப்பீட்டில் நான் பேச வேண்டியது சாவைப் பற்றி. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வீட்டுக்குள் போய் அதைப் பேச முடியாது. ஒரு பெரியம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, "வெள்ளிக்கிழமயும் அதுவுமா என்ன பேச்சு பேசுத?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி. இப்போது நான் காலை பத்து மணிக்கு மேல்தான் போகிறேன்.

எந்தக் கம்பெனி என்றாலும் "எல்ஐசி போட்டாச்சா?" என்றுதான் இங்கே கேட்பார்கள். அந்தப் பேருக்கு அவ்வளவு வேர். 1956 செப்டம்பர் 1-ல் இருநூற்று நாற்பத்தைந்து நிறுவனங்களைச் சேர்த்து எல்ஐசி தொடங்கினார்கள். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1-ல், திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த எங்கள் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு இருக்கிற காலமும் எல்ஐசியின் வயதும் ஏறக்குறைய ஒன்று.

எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி ஒன்று: "போட்ட பணம் திரும்ப வருமா?" டெர்ம் பாலிசியில் வராது. உயிரோடு காலம் முடிந்தால் ஒன்றும் கிடையாது, அதனால்தான் பிரீமியம் குறைவு. முப்பது வயது, பீடி சிகரெட் பழக்கம் இல்லாத ஒருவருக்கு ஐம்பது லட்சம் ரூபாய் டெர்ம் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். எண்டோமென்ட்டில் வருஷம் இருபத்தைந்தாயிரம் கட்டினாலும் காப்புத்தொகை சில லட்சங்கள்தான். ஆனால் முதிர்வில் பணம் வரும். ஜனங்களுக்குப் பிடித்தது அதுதான். ஏஜென்டுக்கும் அதில்தான் காசு. முதல் வருஷப் பிரீமியத்தில் கால்வாசி கமிஷன் என்றால் எண்டோமென்ட்டில் ஆறாயிரத்துக்கு மேல், டெர்மில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஹெல்த்தில் இப்படிக் கிடையாது, முதல் வருஷமும் பத்தாவது வருஷமும் ஏறக்குறைய ஒரே விகிதம். இந்தக் கமிஷன் வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் நான் சொல்லிவிடுவேன். முதலில் டெர்ம், மிச்சம் கை தாங்கினால் மற்றது. சம்பாதிக்கிற ஒருவரை நம்பி நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று லட்சம் காப்பு எழுதிவிட்டு வருவதற்கு எனக்கு மனசு கேட்காது.

ஆனால் வருமானத்துக்குத் தாள் கேட்பார்கள். சுமை தூக்குகிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் வருமானவரிக் கணக்கு எங்கே இருக்கிறது? அவர்களுக்குப் பெரிய டெர்ம் கிடைப்பது கஷ்டம். அந்த இடத்தில் 436 ரூபாய் திட்டத்தையும், போஸ்ட் ஆபீசில் 1995 முதல் இருக்கிற கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டையும் சொல்வேன். எனக்கு அதில் ஒரு பைசா வராது. வீட்டுக்கு வந்தால் போதும்.

பிரீமியத்தின் மேல் இருந்த வரியும் போய்விட்டது: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. டெர்முக்கு முன்பு 18 சதவீதம் இருந்தது.

தவணை மாதத்தையும் பார்த்துத்தான் போடுகிறேன். குற்றாலத்தில் சிப்ஸ் கடை போடுகிறவருக்கு சீசன் முடிகிற ஆகஸ்டில் கையில் காசு இருக்கும். நெல் போடுகிறவருக்குப் பிசான அறுப்பு முடிந்த பிறகு. பாலிசி எந்த மாதம் தொடங்குகிறதோ அந்த மாதத்தில்தான் வருஷத் தவணை வரும். அதைக் கவனிக்காமல் அவசரத்தில் மே மாதம் எழுதினால், கடைக்காரர் வருஷா வருஷம் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார். வருஷத் தவணைக்கு முப்பது நாள், மாதத் தவணைக்குப் பதினைந்து நாள் சலுகை உண்டு. அதையும் தாண்டினால் பாலிசி காலாவதி.

ஹெல்த் விற்ற முதல் வருஷத்தில் ஒரு தப்பு செய்தேன். சர்க்கரை இருக்கிறதா என்ற கட்டத்தில் அண்ணாச்சி ஒருவர் தயங்கினார். "இல்லன்னு போடும்மா, எல்லாரும் அப்படித்தான்" என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இல்லை என்று போட்டேன். பதினெட்டு மாதம் கழித்துக் காலில் புண்ணோடு படுத்தார், கிளைமைத் தள்ளுபடி செய்தார்கள். அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டார். கேட்பதற்கு அவராவது இருந்தார். ஆயுள் பாலிசியில் அதே பொய்யை எழுதினால், கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் இருக்கமாட்டார். பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் மரணம் என்றால் விசாரிப்பார்கள், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடுவார்கள். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருஷத்துக்குள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மனைவிதான் நின்று பதில் சொல்வாள். பீடி குடித்தால் குடிக்கிறேன் என்று எழுதுங்கள். கொஞ்சம் கூடுதல் பிரீமியம், அவ்வளவுதான்.

நாமினி விஷயத்திலும் இதே கதை. கல்யாணத்துக்கு முன்பு எடுத்த பாலிசியில் அம்மா பெயர் இருக்கும். இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் மாற்றியிருக்கமாட்டார்கள். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் இவர்களில் யார் நாமினியோ பணம் அவருக்கே உரிமை. மாமியாரும் மருமகளும் பேசாமல் இருக்கிற வீட்டில் இது என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். கடனோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கு 1874-ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே அந்தச் சட்டத்தின் கீழ் என்று கொடுத்துவிட்டால், பணம் மனைவி மக்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாக நிற்கும், கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. காய்கறி லோடு அனுப்புகிற மண்டிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பிறகு நினைத்துக்கொண்டு சேர்க்க முடியாது, எடுக்கும்போதே கேட்க வேண்டும்.

அதனால் மனைவி பக்கத்தில் உட்காராமல் நான் பாரம் நிரப்புவதில்லை. போன வாரம் புளியரையில் ஒரு வீடு. நான் உட்கார்ந்ததும் அவர், "ஏட்டி, அக்காவுக்கு டீ போடு" என்று அவளை உள்ளே அனுப்பினார். "டீ அப்புறம் குடிக்கேன் தம்பி, அவளும் இருக்கட்டும்" என்றேன். வந்து கதவோரமாக உட்கார்ந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"இதுல எம்பேரு எங்க வரும்?"

நாமினி கட்டத்தில் விரல் வைத்துக் காட்டினேன். ஆதாரை எடுத்துவந்தாள். அதில் அப்பாவின் இனிஷியல். பாங்குப் புத்தகத்தில் புருஷனின் இனிஷியல். பணம் வருகிற நேரத்தில் இந்த ஓர் எழுத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்த வாரம் இருவரும் இ-சேவை மையத்துக்குப் போகிறார்கள். பாரத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன், அரிசிப் பானைக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். செவ்வாய்க்கிழமை ஆகாது என்றாள். புதன்கிழமை காலையில் போகிறேன்.