தீபாவளிச் செலவில் எதைக் குறைப்பது?

ஐப்பசி தமிழ்நாட்டில் அடைமழை மாதம். கட்டட வேலை நின்றுபோகும், செங்கல் சூளை அணைந்துவிடும், தள்ளுவண்டி வியாபாரம் படுத்துவிடும். வரவு வற்றும் அந்த மாதத்தில்தான் தீபாவளியும் வருகிறது. ஆலையிலும் கம்பெனியிலும் இருப்பவர்களுக்குப் போனஸ் உண்டு. 1965-ல் வந்த போனஸ் சட்டம், பின்னாளில் திருத்தப்பட்டபடி, குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு தரவேண்டும் என்றது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தரவேண்டும் என்றும் விதித்தது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனங்களுக்குத் தீபாவளி வாகான தேதியாக அமைந்துவிட்டது. ஆனால் சித்தாளுக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அப்படிச் சட்டம் எதுவும் கை கொடுப்பதில்லை. கொடுப்பவர் மனசுதான் கணக்கு. எனவே கடன். ஐந்து வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மாதம் ஐந்நூறு வட்டி. அசலைத் தொடாமல் பத்து மாதம் கட்டினால் ஐயாயிரம் போயிருக்கும், பத்தாயிரம் அப்படியே நிற்கும், அடுத்த தீபாவளி வாசலில் வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு, 'இல்லாதவர்களுக்கு எதற்கு இத்தனை கொண்டாட்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் இருப்பவர்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2007-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் மிக ஏழைக் குடும்பங்களிலும் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசேஷங்களுக்குப் போவதாகக் காட்டினார்கள். இது வெறும் ஊதாரித்தனமா? கர்நாடகக் கிராமங்களில் ஆராய்ந்த விஜயேந்திர ராவ் வேறு பதில் சொன்னார். ஊர்த் திருவிழாக்களுக்குக் கூடுதலாகச் செலவழித்த குடும்பங்களுக்கு ஊரில் மதிப்பு உயர்ந்தது, மற்ற வீடுகளிலிருந்து விருந்துக்கு அழைப்பு வந்தது, உணவுப் பொருள்கூடச் சற்று மலிவாகக் கிடைத்தது. ஆபத்துக்குக் கைகொடுக்கும் உறவை அந்தச் செலவு கட்டிக் காத்தது. காப்பீடும் சேமிப்பும் இல்லாத குடும்பத்துக்கு உறவும் அக்கம்பக்கமும்தானே காப்பீடு?

அப்படியென்றால் சிக்கனம் பேசுகிறவர்கள் கேட்க வேண்டியது 'எவ்வளவு குறைக்கலாம்' என்பதையல்ல, 'எதைக் குறைக்கலாம்' என்பதை. பண்டிகைச் செலவில் ஒரு பகுதி மனிதர்களுக்கு இடையே நடமாடுகிறது: பக்கத்து வீட்டுக்குப் போகும் பலகாரத் தட்டு, தனியாக இருக்கும் பெரியப்பாவுக்கு ஒரு வேட்டி, தாய்வீட்டுக்குப் போய்வரும் பஸ் கட்டணம். மறுபகுதி கடைக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. கை இறுகும்போது பல வீடுகளில் முதலில் வெட்டப்படுவது எது தெரியுமா? தட்டும் பயணமும்தான். 'இந்த வருஷம் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்போம்' என்கிறோம். தவணையில் வாங்கிய செல்போன் வீட்டில் இருக்கிறது, எதிர்வீட்டோடு போக்குவரத்து நின்றுவிடுகிறது. ராவ் கண்டது சரியென்றால், வெட்ட வேண்டிய வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

தட்டு கொடுத்தால் வாங்குகிறவர் திருப்பித் தர வேண்டுமே, இல்லாதவர்களுக்கு அது இன்னொரு சுமை அல்லவா என்று கேட்கலாம். இதற்கு நம் வழக்கத்திலேயே ஒரு நாகரிகம் இருக்கிறது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பார்கள். ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் முறை முடிந்தது. மைசூர்பாகுக்கு மைசூர்பாகு ஈடு கேட்கும் கணக்கு அங்கே இல்லை. அந்தக் கணக்கு அட்டைப்பெட்டி ஸ்வீட் பாக்ஸோடு வந்தது. பெட்டியைப் பார்த்தாலே கடையும் விலையும் தெரிந்துவிடுகிறதே.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வீட்டில் பலகாரம் செய்தால் மலிவு என்கிறோம். பெண்ணின் உழைப்புக்குக் கூலி போடாததால்தான் அது மலிவு. மறுக்க முடியாது. அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகாமல் இடிக்க வேண்டும். வெல்லப் பாகு தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வருகிற பதம். ஒரு நிமிஷம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும் அல்லது கல்லாகும். மாவு ஓரிரு நாள் ஊற வேண்டும். பிறகு தட்டுவது, சுடுவது, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுப்பது. பொருள் என்று பார்த்தால் அரிசி, வெல்லம், எண்ணெய், கொஞ்சம் ஏலக்காய். ரேஷன் பச்சரிசியிலேயே முடிந்துவிடும். உழைப்புதான் விலை. ஆகவே ஐந்து வகை வேண்டாம், ஒன்று போதும். நான்கு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பலகாரம் செய்து மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு வகை இருக்கும். மாவு இடிக்கவும் அடுப்படியில் நிற்கவும் ஆண்கள் வந்தால் பாதிச் சுமை குறையும். வராவிட்டால், கடையில் கால் கிலோ வாங்கிவிடுவதே நியாயம்.

துணிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஆளுக்கு ஒன்று, முடிந்தால் ஆடித் தள்ளுபடியிலேயே. தவணை விளம்பரம்தான் ஆபத்து. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியை நாம் இழந்திருப்போம்.

பிள்ளைகள் விஷயம் சிரமமானது. பள்ளிக்கூடத்தில் 'எத்தனை ரூபாய்க்கு வெடி?' என்று கேட்பார்கள். ஏங்கிப்போகும் குழந்தைக்குத் தத்துவம் சொல்லிப் பயனில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் தொகையைச் சொல்லி, ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, கம்பி மத்தாப்பா, புஸ்வாணமா என்று அதையே தேர்ந்தெடுக்க விடலாம். உச்ச நீதிமன்றம் 2018-ல் இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு. அதற்கு ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை வெடி எதற்கு? தெருப் பிள்ளைகள் சேர்ந்து கொளுத்தினால், யார் வீட்டுக் காசு எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. குறைவாகக் கொண்டுவந்த பிள்ளைக்கு அது எத்தனை நிம்மதி!

வரவு வற்றும் மாதத்தில் செலவு வந்து நிற்கும் பிரச்சினைக்கு மக்களே கண்ட வழி தீபாவளிச் சீட்டு. மாதாமாதம் கட்டுகிற ஒழுங்கு நல்லதுதான். ஆனால் பதிவு செய்யாத தனியாரிடம் கட்டிய பணம் திரும்பாமல் போவதும் நடக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-ல் வந்ததே அதனால்தான். அதே காரியத்தை மகளிர் குழுவே செய்யலாம். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய குழு இயக்கம் இன்று ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆளுக்கு மாதம் முந்நூறு குழுவின் வங்கிக் கணக்கில் போட்டால் ஆண்டுக்கு 3,600 ரூபாய். பருப்பு, வெல்லம், எண்ணெயை இருபது பேருக்கும் சேர்த்து மொத்தக் கடையில் எடுத்தால் விலையும் படியும். இந்தத் தீபாவளிக்கு அது உதவாது. கார்த்திகையில் முதல் தவணை கட்டினால் அடுத்த ஐப்பசிக்கு உதவும்.